காஜா பெராங் வேவுக்காரி

பஸ்ஸில் ஏறி இறங்கும் பெண்களில் பூங்காவனத்தை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பதில்லை. அவளுக்குச் சம்பளமே அதற்காகத்தான்.

கையில் ஒரு பிரம்புக் கூடை. இடுப்பில் வெற்றிலைச் சுருக்குப்பை. காஜா பெராங் சாலையில் ஏறி டவுனில் இறங்குவாள். டவுனில் வேறு பஸ் பிடித்து உஜோங் பாசிருக்குப் போவாள். அங்கே கடல்காற்றில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவாள். வேலையில்லாமல் ஏறி இறங்குகிறவள் என்று யாருக்கும் தோன்றிவிடக் கூடாது. அதற்காகக் காலையிலேயே மார்க்கெட்டில் ஒரு கட்டு கங்கோங் கீரை வாங்கிக் கூடையில் போட்டுக்கொள்வாள். கண்டக்டர் கிட்டே வந்ததும் காசைக் கொடுத்து டிக்கெட் வாங்கி, அதை வெற்றிலை மடிப்பதுபோல் முக்கோணமாக மடித்துச் சுருக்குப்பையில் சொருகுவாள். அதற்கப்புறம்தான் அவள் வேலை தொடங்கும். முகம் ஜன்னல் பக்கம் இருக்கும். கண் கண்டக்டரின் கையில் இருக்கும்.

யாரிடம் காசு வாங்குகிறான், யாருக்கு டிக்கெட் கிழிக்கிறான், யாருக்குக் கிழிக்காமல் ஒரு சிரிப்போடு நகர்ந்துவிடுகிறான், இறங்குகிறவர்களிடம் பழைய டிக்கெட்டைத் திரும்ப வாங்கி அதையே அடுத்தவன் கையில் திணிக்கிறானா? எதையும் எழுதி வைக்கக் கூடாது என்று உத்தரவு. எல்லாவற்றையும் மனசில் வைத்திருந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயில் வாசலில் பஸ் கம்பெனியின் டிக்கெட் செக்கர் கருணாகரனிடம் ஒப்பிக்க வேண்டும். அவர் அர்ச்சனைத் தட்டோடு நிற்பார். இவள் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் பக்கத்தில் நின்று பேசுவாள். பேசி முடித்ததும் அந்த வாரத்து டிக்கெட்டுகளையெல்லாம் சுருக்குப்பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுவாள். "ஆபீஸ்ல காட்டினாத்தான் உங்க பஸ் காசை வாங்கித் தர முடியும்" என்பார் அவர்.

அவர் வந்து அவளை வேலைக்குக் கேட்டது நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்காக் கொண்டாட்டம் முடிந்து கடைவீதித் தோரணங்கள் மழையில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்த நாட்களில். புருஷன் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துத்தான் வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாத காக்கிக் கால்சட்டை. வாசலிலேயே நின்றுகொண்டார்.

"கம்பெனியில காசு ஒழுகுதும்மா. கண்டக்டருங்க பாதி திங்கிறான், டிக்கெட் இல்லாம போறவனுங்க பாதி திங்கிறான். நாங்க செக்கருங்க ஏறினா எல்லாரும் யோக்கியனாயிடுறான். யாருக்கும் தெரியாத ஒரு ஆள் வேணும்."

"அதுக்கு என்னையா கேக்குறீங்க? என் வீட்டுக்காரரை வேலைய விட்டுத் துரத்தினதே நீங்கதானே?"

கருணாகரன் சங்கடப்படவே இல்லை. "அதனாலதாம்மா கேக்குறேன். கம்பெனி துரத்தினவனோட பொண்டாட்டி கம்பெனிக்கே வேவு பாப்பாள்னு எவனாச்சும் நினைப்பானா?"

அவள் ஒத்துக்கொண்டதற்கு வாடகைப் பாக்கி ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் புருஷன் கணேசமூர்த்தி மூன்று வருடத்துக்கு முன்பு வரை அதே கம்பெனியில் கண்டக்டர். ஒரு நாள் செக்கர் கருணாகரன் பஸ்ஸில் ஏறி அவன் பையைச் சோதித்தார். ஏற்கெனவே துளை போட்ட பழைய டிக்கெட்டுகள் ஒரு கட்டு வந்தது. திருடன் என்று பெயர் வைத்து அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "நான் எடுக்கல" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். பூங்காவனம் "ம்" என்றாள். அந்த "ம்" அவனுக்குப் போதவில்லை. அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஐஸ் தொழிற்சாலையில் சேர்ந்தான். சாயங்காலம் திரும்பும்போது அவன் விரல்கள் வெளுத்துப் போயிருக்கும். பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டான். மழையானாலும் வெயிலானாலும் நடைதான்.

எடுத்தானா, எடுக்கவில்லையா? மூன்று வருடமாக அவளுக்குள் அரித்துக்கொண்டிருந்த கேள்வி அது. கண்டக்டர்கள் எப்படித் திருடுகிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டால் தன் புருஷனைப் பற்றியும் ஏதாவது பிடிபடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். ஆகவே அவனிடம் சொல்லாமலே வேலையில் இறங்கினாள்.

இறங்கிய பிறகு அவளுக்கு உலகமே மாறிப்போனது. ஒருவன் சட்டைப் பையில் கை விட்டால் ஏன் விடுகிறான் என்று தோன்றியது. இரண்டு பேர் பேசிச் சிரித்தால் எதை மறைக்கச் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. மளிகைக் கடையில் தராசைப் பார்க்காமல் கடைக்காரனின் சுண்டுவிரலைப் பார்த்தாள். கோயிலில் குருக்கள் உண்டியல் பக்கம் போனால் அங்கேயும் கண் போனது. சே, என்ன பிழைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொள்வாள். மறுநாள் காலையில் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அவள் கவனித்த கண்டக்டர்களில் இரண்டு பேர் முக்கியம்.

உஜோங் பாசிர் லைனில் ஜெயபாலன். சுருட்டை முடி, எந்நேரமும் வாயில் ஒரு பாட்டு. பெண்களை "அக்கா", "தங்கச்சி" என்பான். கூட்டம் ஏறும்போது கை நிறையக் காசு வாங்குவான். டிக்கெட் பாதிப் பேருக்குத்தான். கேட்டால், "அடுத்த ஸ்டாப்புலதானே இறங்கப்போறீங்க, எதுக்கு டிக்கெட்டு, குப்பை!" என்பான். ஜனங்களும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். பூங்காவனம் மட்டும் கையை நீட்டியபடியே இருந்து கேட்டு வாங்கிக்கொள்வாள்.

காஜா பெராங் லைனில் சேதுபதி. சிரிக்கத் தெரியாதவன். ஒரு நாள் கோயில் பூக்கூடையோடு ஏறிய தமிழை மறந்துபோன செட்டிக் கம்பத்துப் பெண்ணொருத்தி, சாமி காரியமாகப் போகிறவளிடம் காசு கேட்பதா என்று மலாயில் சண்டைக்கு வந்தாள். பஸ்ஸே அவள் பக்கம் பேசியது. சேதுபதி அசையவில்லை. "பாயார் டூலு, மாச்சிக்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னான். முதலில் காசு, பிறகுதான் மற்றது. கடைசியில் அவள் முந்தானையை அவிழ்த்துக் காசை எறிந்தாள். அவன் குனிந்து பொறுக்கி, டிக்கெட்டைக் கிழித்து அவள் பூக்கூடையின் ஓரத்தில் பதவிசாக வைத்துவிட்டுப் போனான்.

பூங்காவனம் வெள்ளிக்கிழமை இரண்டையும் சொன்னாள். "ஜெயபாலன் துணிஞ்சு அடிக்கிறான் ஐயா. சேதுபதி சுத்தம். ஒரு காசு தப்பாது."

"ஜெயபாலனா? சரி, பாத்துக்கிறேன்" என்றார் கருணாகரன். "சேதுபதி அவ்வளவு சுத்தமா? நல்லாப் பாருங்கம்மா. ரொம்பச் சுத்தமா இருக்கிறவன்தான் பெரிய கையா இருப்பான்."

அடுத்த வாரமும் அதையே சொன்னாள், அதற்கடுத்த வாரமும். ஜெயபாலன் பாடிக்கொண்டே உஜோங் பாசிருக்குப் போய் வந்துகொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மத்தியானம் பஸ் ஸ்டேஷன் கோப்பிக்கடையில் அவனும் கருணாகரனும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். எழுந்து போகும்போது ஜெயபாலன் ஒரு சிகரெட் டின்னை அவர் பக்கமாக நகர்த்தினான். கருணாகரன் அதைத் திறந்து பார்க்காமல் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் சிகரெட் குடித்து அவள் பார்த்ததே கிடையாது.

குடியுரிமைப் பதிவுக்காக அவள் லீவு கேட்டிருந்த நாளில்தான் அது நடந்தது. டவுனில் பதிவு நடந்த பள்ளிக்கூடத்தில் வரிசை ரோடு வரைக்கும் வந்துவிட்டிருந்தது. இன்றைக்கு இவ்வளவுதான், மற்றவர்கள் நாளைக்கு என்று பெயர் எழுதிக்கொண்டிருந்த கிராணி கதவைச் சாத்திவிட்டான். பூங்காவனம் வீட்டுக்குப் போக காஜா பெராங் பஸ்ஸில் ஏறினாள். சேதுபதியின் பஸ். வேலை இல்லாத நாள் என்பதால் எதையும் கவனிக்காமல் அக்கடாவென்று பின்சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அஞ்சலை, மார்க்கெட்டில் மிளகாய் விற்கிறவள், பல மாதமாகப் பஸ் சிநேகிதி.

பாதி வழியில் பஸ் நின்றது. கருணாகரன் ஏறினார். முன்சீட்டுகளில் இருந்தவர்களுடைய டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு சேதுபதியின் முன்னால் வந்து, "பையைக் குடு" என்றார்.

சேதுபதி தோளிலிருந்து தோல்பையைக் கழற்றிக் கொடுத்தான். கருணாகரனின் கை உள்ளே போய், ரப்பர் போட்டுக் கட்டிய ஒரு கட்டு டிக்கெட்டோடு வெளியே வந்தது. ரப்பரை உருவிவிட்டு, சீட்டாட்டக்காரன் சீட்டு விரிப்பதுபோல் விரித்து எல்லோருக்கும் காட்டினார்.

"பாத்துக்குங்க. எல்லாம் ஓட்டை போட்ட பழைய டிக்கெட்டு. இதைத்தான் உங்களுக்குத் திருப்பி வித்துக்கிட்டிருக்கான்."

சேதுபதியின் முகம் சாம்பலாகிவிட்டது. "ஐயா, இது என்னுது இல்ல! சத்தியமா இல்ல! இங்க பாருங்க, சுண்ணாம்பு ஒட்டியிருக்கு, வெத்தலைச் சாறு ஒட்டியிருக்கு. நான் வெத்தலையே போடுறதில்லையே ஐயா!"

"எவனோ துப்பினதைப் பொறுக்கியிருப்பே" என்றார் கருணாகரன். பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள்.

பூங்காவனம் சிரிக்கவில்லை. விரித்த டிக்கெட்டுகளின் மேல் முக்கோண மடிப்பு விழுந்திருந்ததை அவள் பின்சீட்டிலிருந்தே பார்த்துவிட்டாள். அவளையறியாமல் கை இடுப்புச் சுருக்குப்பையைப் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமைதோறும் அவள் கொடுத்த டிக்கெட்டுகள். எல்லாம் காஜா பெராங் லைன் டிக்கெட்டுகள்.

அந்த நேரத்தில்தான் கருணாகரன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் அந்தப் பஸ்ஸில் இருப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கண் ஒரு நொடி நின்றது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் சேதுபதியின் சட்டைக் காலரைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனார்.

"பாத்தியாக்கா?" அஞ்சலை காதோடு சொன்னாள். "கம்பெனியில ஒரு பொம்பளைய வேவு பாக்க வச்சிருக்கானாம். மார்க்கெட்டு பூரா இதே பேச்சு. அவதான் இவனைக் காட்டிக் குடுத்திருப்பா. முன்னாடி உக்காந்திருக்கா பாரு, கண்ணாடி போட்டவ. அவ மேலதான் எனக்குச் சந்தேகம்."

"இருக்கும்" என்றாள் பூங்காவனம். சுருக்குப்பையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கணேசமூர்த்தி வந்து முகம் கழுவி உட்கார்ந்ததும், அவள் நேரடியாகக் கேட்டாள்.

"அன்னிக்கு உங்க பையில கிடைச்ச டிக்கெட்டுங்க எப்படி இருந்துச்சு?"

அவன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "மூணு வருசம் கழிச்சுக் கேக்குற."

"சொல்லுங்க."

"எல்லாம் நீளவாக்குல சுருட்டியிருந்துச்சு. ஒரே மாதிரி. பீடி சுத்தின மாதிரி. ஒரே ஆள் சுருட்டினதுன்னு பாத்தாலே தெரியும். ஒரு வாசனை வேற, தைல வாசனை. சொன்னேன், ஒருத்தனும் கேக்கல." தனக்கு முன்னால் வேறு யாரோ கருணாகரனுக்கு டிக்கெட் சேர்த்துக் கொடுத்திருக்கலாம் என்று பூங்காவனத்துக்குத் தோன்றியது. அவன் அவளை உற்றுப் பார்த்தான். "இப்ப எதுக்கு இந்தக் கேள்வி? தினமும் பவுடர் போட்டுக்கிட்டு எங்க போற நீ? ராத்திரிச் சோத்துக்கு நாளெல்லாம் வாடின கீரை எங்கேருந்து வருது? நானும் எத்தனை நாளைக்குக் கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடுறது?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் வந்தது. "நான் எவன்கூடவோ சுத்துறேன்னு நினைச்சீங்களா?"

அவன் மடியிலிருந்த துண்டை எடுத்து மறுபடி மடிக்கத் தொடங்கினான். அதுவே பதில்.

பூங்காவனம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கருணாகரன் வீட்டுக்கு வந்தது, கோயில் வாசல், டிக்கெட்டுகள், சேதுபதி. சொல்லி முடிக்கிற வரைக்கும் அவன் தலை குனிந்தே இருந்தது.

"அவன்கிட்டப் போயா வேலைக்கு நின்ன?" என்றான் கடைசியில். "என்னை அழிச்சவன்கிட்ட?"

"எனக்குத் தெரியணும்னு போனேன்."

"என்ன தெரியணும்?"

அவள் திரும்பி ஜன்னலைச் சாத்தப் போனாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் பூங்காவனம் கூடையை எடுக்காமல் கம்பெனி ஆபீசுக்குப் போனாள். மேனேஜர் ஒரு சீனர், ஒல்லியான மனிதர், மேசைக்கு மேலே மின்விசிறி சுற்றியும் வேர்த்துக்கொண்டிருந்தார். மலாயில்தான் பேசினார். அவளுக்கும் மலாய் வரும்.

தான் கம்பெனியின் வேவு வேலை பார்க்கிறவள் என்று அவள் சொன்னதும் அவர் புருவத்தை உயர்த்தினார்.

"எந்த வேலை? கம்பெனியில் பெண்கள் யாரும் வேலை பார்க்கவில்லையே."

"செக்கர் கருணாகரன் வாராவாரம் சம்பளம் கொடுக்கிறார்."

"நான் கொடுக்கச் சொல்லவில்லை. அப்படி ஒரு சம்பளம் இந்த ஆபீசிலிருந்து போகவே இல்லை."

அப்படியானால் அவள் இத்தனை நாளும் உழைத்தது கம்பெனிக்கு இல்லை. கருணாகரன் என்ற ஒரு மனிதனுக்கு. அவள் கண்ணை வைத்து அவர் யார் திருடன் என்று தெரிந்துகொண்டு, அவனிடம் பங்கு வாங்கியிருக்கிறார். எவனிடம் பங்கு வாங்க வழியில்லையோ அவனைத் துரத்திவிட்டு, அந்த இடத்தில் பங்கு கொடுக்கிறவனைக் கொண்டுவரப் பார்த்திருக்கிறார்.

சுருக்குப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். இன்னும் அவரிடம் கொடுக்காத டிக்கெட்டுகள், இரண்டு லைனும் கலந்து கிடந்தன. மேனேஜர் ஒன்றை நகத்தால் தூக்கிப் பார்த்தார்.

"இத்து திக்கெட் சியாப்பா புன்யா?" யாருடைய டிக்கெட்டுகள் என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் தொடர்ந்தார். "உன் புருஷன் இங்கே திருடிப் பிடிபட்டவன். நேற்று சேதுபதி பிடிபட்டான். இன்று நீ பழைய டிக்கெட்டுகளோடு வந்து நிற்கிறாய். அவனுக்குப் பழைய டிக்கெட் பொறுக்கிக் கொடுத்ததே நீயாக இருந்தால்? போலீசைக் கூப்பிட்டால் என்ன சொல்வாய்?"

இது அவளுக்குத் தோன்றவே இல்லை. பார்க்கிற கண்ணுக்கு அவள்தான் திருட்டுக்குக் கையாள். ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். இந்த மேனேஜரும் கருணாகரனின் ஆளாக இருந்துவிட்டால்? அவர் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னை நம்ப வேண்டாம்" என்றாள். "இந்த டிக்கெட்டுகளில் உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு அடையாளம் வையுங்கள். வெள்ளிக்கிழமை இவற்றை வழக்கம்போல் கருணாகரனிடம் கொடுத்துவிடுகிறேன். அவை எங்கே போய்ச் சேருகின்றன என்று நீங்களே பாருங்கள்."

மேனேஜர் கையிலிருந்த முக்கோணத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து, ஒவ்வொரு டிக்கெட்டிலும் எண் அச்சடித்த இடத்துக்குப் பக்கத்தில் பொடிசாக ஒரு குத்துக் குத்தினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒழியத் தெரியாது.

"ஒன்றும் நடக்கவில்லை என்றால்," என்றார், "அடுத்த வாரம் போலீஸ்."

வெள்ளிக்கிழமை கருணாகரன் அர்ச்சனைத் தட்டில்லாமல் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும், வழக்கமான "வாங்கம்மா" வரவில்லை.

"அன்னிக்குப் பஸ்ஸுல இருந்தியே. என்ன பாத்தே?"

"சேதுபதியைப் பிடிச்சீங்க. நல்லதாப் போச்சு. நான் ஏமாந்துட்டேன் ஐயா. ரொம்பச் சுத்தமா இருக்கிறவன்தான் பெரிய கைன்னு நீங்க சொன்னது சரிதான்."

அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. "பாத்ததை எல்லாம் வெளிய பேசிட்டுத் திரியக் கூடாது. உன் வீட்டுக்காரன் பேரு இன்னும் ஆபீசுல இருக்கு. போலீசுக்குக் குடுக்காம விட்டது நான்தான். ஞாபகம் வச்சுக்க."

"ஞாபகம் இருக்கு ஐயா." டிக்கெட்டுகளை எடுத்து நீட்டினாள். ஒன்று நழுவிச் செருப்பின்மேல் விழுந்தது; குனிந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார். பயம்தான். ஆனால் அவர் நினைத்த பயம் இல்லை.

"இன்னொண்ணு" என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே. "ஜெயபாலன் டிரைவர்கிட்டப் பேசிட்டிருந்தான். 'எத்தனை நாளைக்குத்தான் அந்த ஆளுக்கு அழுவுறது, மேனேஜர்கிட்டப் போய் எல்லாத்தையும் சொல்லிட்டு நான் நல்லவனாயிடப் போறேன்'னான். யாரைச் சொன்னான்னு எனக்குத் தெரியல."

கோயில் மணி அடித்தது. கருணாகரன் கையெடுத்துக் கும்பிட்டார், கண் மட்டும் எங்கேயோ இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது பூங்காவனத்துக்குத் தான் சொன்னதே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ஜெயபாலன் திருடன்தான். ஆனால் அவன் சொல்லாத ஒரு சொல்லை அவன் வாயில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். கருணாகரன் டிக்கெட்டை வைக்கிறார், நான் சொல்லை வைக்கிறேன், இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டுக்கொண்டாள். வேறு வழி தெரியவில்லை.

அவள் போட்ட தூண்டிலை அவர் உடனே விழுங்கவில்லை. நாட்கள் போயின. ஒவ்வொரு நாளும் போலீஸ் வாசலுக்கு வருமோ என்று அவளுக்குத் திகில். கணேசமூர்த்தி வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். பேச்சு மட்டும் இல்லை. அவள் பழையபடி பஸ்ஸில் ஏறி இறங்கினாள். அஞ்சலை அவளிடம் கண்ணாடிக்காரியைப் பற்றிப் புதுசுபுதுசாகச் சந்தேகம் சொன்னாள்.

மேனேஜர் சொன்ன அடுத்த வாரம் முடிவதற்குள், ஒரு பகலில், உஜோங் பாசிர் பஸ்ஸில் கருணாகரன் ஏறினார். ஜெயபாலன் பாட்டை நிறுத்தாமலே, "வாங்க ஐயா!" என்றான். "பையைக் குடு" என்றார் அவர். ஜெயபாலன் சிரித்துக்கொண்டே கொடுத்தான். ஏதோ வழக்கமான நாடகம் என்று நினைத்திருப்பான். கை உள்ளே போய் வெளியே வந்தது. முக்கோணமாக மடித்த டிக்கெட்டுகள்.

ஜெயபாலனுக்கு ஒரு கணம் புரியவே இல்லை. புரிந்ததும் பஸ்ஸே அதிர்ந்தது.

"யோவ்! மாசாமாசம் எங்கிட்ட வாங்கித் தின்னுட்டு எனக்கே வைக்கிறியா? சிகரெட் டின்னுல போட்டுக் குடுத்தேனே, செரிச்சுப் போச்சா? கேட்டுக்குங்க எல்லாரும்! நான் எடுத்தேன், ஒத்துக்கிறேன். ஆனா இதை நான் வைக்கல. இதை இந்த ஆள்தான் வச்சான்!"

பஸ்ஸில் இருந்த கடலோரப் போர்த்துகீசியக் குடியிருப்பின் மீன்காரர்கள், நாசி லெமாக் சோறு விற்கும் கூடைக்காரி, பள்ளிக்கூட ஆசிரியர் என எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கருணாகரன் அவனை அறைந்தார். அவன் திருப்பி அறைந்தான். பூங்காவனம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜெயபாலனை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

கருணாகரன் அந்த டிக்கெட்டுகளைத் தானே கொண்டுபோய் மேனேஜர் மேசையில் சாட்சியாக வைத்தார். மேனேஜர் அவற்றை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாராம். பலவற்றில் குண்டூசிக் குத்து இருந்ததாம். மறுநாள் பூங்காவனத்தை வரச்சொல்லி அவரே இதைச் சொன்னார்.

"கருணாகரனை அனுப்பியாயிற்று. ஜெயபாலனையும். சேதுபதி திங்கட்கிழமை வேலைக்கு வருகிறான்." பிறகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு நல்ல கண். இனிமேல் கம்பெனிக்கே வேலை பார். சம்பளம் நான் தருகிறேன்" என்றார்.

"எனக்கு வேண்டாம்" என்றாள். "என் புருஷன் விஷயம்?"

மேனேஜர் கையை விரித்தார். "மூன்று வருடத்துக்கு முந்தியது. அந்த டிக்கெட்டுகள் இல்லை, சாட்சி இல்லை. கருணாகரன் வைத்திருக்கலாம். உன் புருஷனே எடுத்தும் இருக்கலாம். யார் சொல்ல முடியும்? நான் சொல்ல மாட்டேன்."

வெளியே வந்தபோது பஸ் ஸ்டேஷனில் செய்தி அவளை முந்திக்கொண்டு போயிருந்தது. யார் சொன்னார்களோ தெரியாது. காஜா பெராங் பஸ்ஸில் அஞ்சலைக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. பூங்காவனம் உட்காரப் போனதும் அஞ்சலை மிளகாய்க் கூடையைத் தூக்கி அந்த இடத்தில் வைத்தாள்.

"எங்கிட்டயே எவ்வளவு விசயம் கேட்டிருப்பே நீ" என்றாள், முகத்தைப் பாராமல். "என் பேரையும் சேத்துச் சொன்னியா? நானும் ஒரு நாள் டிக்கெட் இல்லாம வந்திருக்கேன்."

"உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லல அஞ்சலை."

"யாரு கண்டா?"

பூங்காவனம் வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.

கணேசமூர்த்தி அன்று சீக்கிரம் வந்திருந்தான். அவனுக்கும் காற்றுவாக்கில் எல்லாம் எட்டியிருந்தது. அவள் மேனேஜர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். உன் புருஷனே எடுத்தும் இருக்கலாம் என்று அவர் சொன்னதையும் மறைக்கவில்லை.

"ஆபீசு சொல்றது கிடக்கட்டும்" என்றான் அவன். "நீ என்ன சொல்ற?"

இந்தத் தடவை "ம்" போட்டுத் தப்பிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"மூணு வருசமும் நீங்க எடுத்திருப்பீங்கன்னுதான் நினைச்சேன். தெரிஞ்சுக்கத்தான் அந்த வேலைக்கே போனேன்."

"இப்ப?"

"இப்ப அப்படி நினைக்கல."

"எடுக்கலைன்னு தெரியுமா உனக்கு?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல இந்த வாரம் நன்றாகவே பழகியிருந்தாள்.

"தெரியாது" என்றாள். "ஆனா நம்புறேன்."

அவன் வெளுத்த விரல்களைக் கோத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"நானும் உன்னைத் தப்பா நினைச்சேன்" என்றான். "கேட்டிருக்கலாம். கேக்கல."

"ம்."

"சோறு போடு."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அந்தக் குரலில் கோபம் இருந்ததா, இல்லையா என்று கண்டுபிடிக்க அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பார்க்காமல் தட்டை எடுத்தாள்.